இரும்பு இயக்கமும் கெசியாவின் ரத்தமும்

பாளையங்கோட்டையில் மாவட்ட ரத்த விருத்தி இயக்கம் என்று ஓர் ஆபீஸ் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது. இரும்பாபீஸ் என்றால் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பூகோள வாத்தியார் எஸ்றா தம் மனைவி கெசியாவோடு அங்கே முதன்முதலாகப் போய் இறங்கியது தொண்ணூற்றிரண்டாம் வருஷம், சாரல் காற்று அடிக்கிற காலத்தில்.

கெசியாவுக்குப் பித்தப்பையில் கல். எண்ணெயோ தேங்காயோ உள்ளே போனால் வலது விலாவுக்குக் கீழே ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் வலிக்கும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் அவள். வலி வந்துவிட்டால் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு மேஜைமேல் கவிழ்ந்துகொள்வாள். பிள்ளைகள் சத்தமில்லாமல் காஜா எடுப்பார்கள்.

கல்லை எடுத்துவிடலாம் என்றார் ஆஸ்பத்திரி சர்ஜன். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததும் எடுக்க முடியாது என்றார். ரத்தத்தின் அளவு, ஹீமோகுளோபின், ஏழுதான் இருந்தது.

"பத்து இருந்தாத்தான் நான் கத்தி வைப்பேன். ஏழுல வச்சா கல்லோட சேந்து டீச்சரும் வந்திருவாங்க. மார்கழிக்குள்ள ஏத்திக் கூட்டிட்டு வாங்க சார். தை பொறந்தா நான் மஸ்கட்டுக்குப் போறேன். அதுக்கப்புறம் மதுரைக்குத்தான் போகணும்."

ரத்தம் ஏறவேண்டுமானால் நன்றாகச் சாப்பிடவேண்டும். சாப்பிட்டால் வலிக்கும். வலி போகக் கல்லை எடுக்கவேண்டும். கல்லை எடுக்க ரத்தம் ஏறவேண்டும். எஸ்றா இதைப் பூமி சூரியனைச் சுற்றும் படம்போலக் காகிதத்தில் வரைந்து பார்த்தார். எந்த இடத்தில் உள்ளே நுழைவது என்று விளங்கவில்லை. கெசியாவோ வலிக்குப் பயந்து கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தாள். மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி, நார்த்தங்காய் ஊறுகாய், கடுங்காப்பி. அப்போதுதான் யாரோ இரும்பாபீஸைச் சொன்னார்கள்.

இரும்பாபீஸில் நுழைந்தவர்கள் முதலில் எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, ரத்த உறுதிமொழி எடுக்கவேண்டும். "என் உடலில் ஊறும் ஒவ்வொரு துளி ரத்தமும் மாவட்டத்தின் இலக்குக்கே உரியது என்று உறுதி கூறுகிறேன்" என்று ஒருவர் சொல்ல, வந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள். முடிந்ததும் கெசியா பழக்கதோஷத்தில் ஆமென் என்றாள். அது உறுதிமொழியில் இல்லை என்று சொல்லி அவளை மட்டும் மறுபடி எடுக்க வைத்தார்கள்.

திட்ட அலுவலர் சங்கரசுப்பிரமணியன் பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு இரும்பு மாத்திரை, வெல்வெட் துணியில் வைக்கப்பட்டிருந்தது. இயக்கத்தின் முதல் மாத்திரை அது. யாரும் சாப்பிடாமல் பாதுகாத்து வருகிறார்கள்.

"இந்த மாத்திரையைச் சாப்பிட்டு ரத்தம் ஏறாதவர் என்று இம்மாவட்டத்தில் ஒருவரும் இல்லை" என்றார் அலுவலர். இருவர் முன்னால் பேசும்போதும் அவருக்கு மேடைத் தமிழ்தான். "எங்கள் புள்ளிவிவரத்தில் தோல்வி என்று ஒரு பத்தியே கிடையாது. அச்சடிக்கும்போதே அதை எடுத்துவிட்டோம்."

எஸ்றாவுக்கு நம்பிக்கை வந்தது. கெசியாவுக்கு வரவில்லை. வெளியே வந்ததும், "இந்த மனுசன் மாத்திரைக்குப் பூப்போட்டுக் கும்பிடாததுதான் பாக்கி" என்றாள். ஆனாலும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். வெறும் வயிற்றில் மாத்திரை, மேலே கடுங்காப்பி. வயிறு கட்டிக்கொண்டது, வாயில் ஆணியைச் சப்பினமாதிரி ருசி. ஆவணி கடைசியில் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். ஆறே முக்கால்.

"நீங்க முழுங்கலை" என்றார் சங்கரசுப்பிரமணியன். அதிர்ச்சியில் அவருக்கு மேடைத் தமிழ் கழன்றுவிட்டது.

"தவறாம முழுங்குதேன் சார்."

"முழுங்கியிருந்தா ஏறியிருக்கும். ஏறலை. அதனால நீங்க முழுங்கலை. இது விஞ்ஞானம் டீச்சர்."

"அப்ப பெயிலாப் போற பிள்ளையளெல்லாம் பள்ளிக்கூடத்துக்கே வரலைன்னு நாங்க எழுதிரலாமா சார்?"

அலுவலர் சற்று யோசித்தார். "நல்ல முறைதான். கல்வித்துறையில இன்னும் கொண்டுவரலை போல."

மாத்திரை ஒன்று மூன்றாயிற்று. அவள் விழுங்குவதை நேரில் பார்த்துக் கையெழுத்திட, விழுங்கல் சாட்சி என்கிற பதவியில் உள்ள ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பெயர் அசன் மைதீன். மேலப்பாளையத்திலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வருவார். ஒடிசலான மனிதர், சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருக்கும். பொய் சொல்லத் தெரியாது. அந்த ஆபீஸில் அவருக்குப் பதவி உயர்வு வராததற்கு வேறு காரணம் கிடையாது.

"டீச்சர், நாக்கைத் தூக்குங்க. அங்கன ஒளிச்சு வச்சிருந்தா நான் பாத்தாவணும்."

"ஏ அசன், என் மாமியார்கூட என் வாய்க்குள்ள பாத்ததில்ல வே."

"நானும் ஆசப்பட்டா பாக்கேன்? சர்க்காரு பாக்கச் சொல்லுது."

தினம் மூன்று மாத்திரைக்குப் பிறகு ரத்தம் ஆறரை. நகம் வெளுத்தது, தலைமுடி சீப்போடு வந்தது. கஞ்சியில் அவள் உப்பை அள்ளிப் போட்டாள். ஒருநாள் மரியாதைக்கு ஒரு டம்ளர் கஞ்சி குடித்த அசன் மைதீன் கண் கலங்கிப்போய், "டீச்சர், இது காயல்பட்டினத்துக் கடலா?" என்று கேட்டார்.

"உப்பே இல்லாம சப்புன்னுல்லா இருக்கு" என்றாள் கெசியா.

எஸ்றாவுக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. அவர் அந்த உப்புக் கஞ்சியைப் பல வாரமாக ஒன்றும் சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார். நோயாளி மனம் நோகக்கூடாது என்று இருந்துவிட்டார். மறுநாளே அவளைப் பெரியாஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை டாக்டர் ஜயலக்ஷ்மியிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் ஜயலக்ஷ்மி ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. கஞ்சி, ஊறுகாய், கடுங்காப்பி என்று கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். முடியைப் பார்த்தார், ருசியைக் கேட்டார், வேறு சில சோதனைகளும் செய்தார்.

"உங்களுக்குத் துத்தநாகம் பத்தலை டீச்சர்."

"இரும்புன்னுல்லா சொன்னாவ."

"இரும்பும் வேணும்தான். ஆனா இப்படி நினைச்சுக்கோங்க. வீடு கட்டுற இடத்துல லாரி லாரியா செங்கல் இறக்குறாங்க. கொத்தன் வரலை. செங்கல் குவியும், வீடு எழும்புமா? ரத்தத்துல சிவப்பணு உருவாகி முத்தி வர்றதுக்குத் துத்தநாகம் கொத்தன் மாதிரி. கறி மீன் எல்லாத்தையும் விட்டுட்டீங்க, அரிசியில இருக்கிற கொஞ்சமும் உடம்புல சரியா சேராது. இதுல வெறும் வயித்துல மூணு மூணு இரும்பா அள்ளிப் போட்டா, வர்ற ஒண்ணு ரெண்டு கொத்தனையும் செங்கல் லாரி வாசல்லயே மறிச்சிடும்."

கெசியா எஸ்றாவைப் பார்த்தாள். "ஏங்க, நான் செங்கச்சூளையில்லா வச்சிருக்கேன் வயித்துல."

இரும்பு ஒன்று போதும், அதையும் மதியத்துக்குத் தள்ளவேண்டும், கடுங்காப்பி கூடவே கூடாது என்றார் டாக்டர். எண்ணெய் இல்லாமல் நண்டு, கொழுப்பில்லாத ஆட்டுக்கறி, முளைகட்டிய பயறு என்று சாப்பாடு சொன்னார். தனித் துத்தநாக மாத்திரை இந்த ஊர்க் கடைகளில் இல்லை. கிடைக்கிற சத்து மாத்திரையிலெல்லாம் இரும்பும் கலந்திருக்கிறது. "இரும்பு இயக்கத்துல எழுதிக் கொடுத்தா எங்க ஸ்டோர்ல வரவழைச்சுத் தருவாங்க" என்றார்.

சங்கரசுப்பிரமணியன் டாக்டரின் சீட்டை இரண்டு விரலால் பிடித்துப் படித்தார்.

"துத்தநாகமா? ரத்தத்திலா?" என்றார். மேடைத் தமிழ் திரும்பிவிட்டது. "ரத்தத்திற்கு என்று அரசு இரும்பைத்தான் அங்கீகரித்திருக்கிறது. இன்று துத்தநாகம் என்பீர்கள், நாளை ஈயம் பித்தளை என்று பாத்திரக்கடையே வந்து நிற்கும். ஒரு மனித உடலில் எத்தனை துறைகள் நுழைவது?"

"டாக்டர் சொல்லுதாவ சார்" என்றார் எஸ்றா.

"டாக்டர் உடம்பைப் பார்த்துச் சொல்கிறார். நான் அரசாணையைப் பார்த்துச் சொல்கிறேன். உடம்பு ஆளுக்கு ஆள் மாறும். அரசாணை மாறாது." ஆனாலும் அவர் இரக்கமில்லாதவர் அல்ல. அலமாரியைக் குடைந்து ஒரு சுற்றறிக்கையைக் கண்டுபிடித்தார். "இதோ இருக்கிறது. துத்தநாகப் பற்றாக்குறை, வேளாண்மைத் துறை. அங்கே அனுப்புகிறேன்."

தாமிரபரணிக் கரையில் நெல் போடுகிறவர்கள் எல்லாருக்கும் துத்தநாகம் தெரியும். வயலில் அது குறைந்தால் நாற்று துருப்பிடித்த மாதிரி பழுத்துப்போகும். வேளாண்மை ஆபீஸில் ஜிங்க் சல்பேட் வாங்கி மணலோடு கலந்து தூவுவார்கள். பயிருக்குத் துத்தநாகம் குறைந்தால் கவனிக்க ஓர் அலுவலர் இருந்தார். பெயர் சுந்தர்ராமன். வந்த தாள் எதுவானாலும் நடவடிக்கை எடுத்துவிடுகிற நல்ல மனிதர். சுகாதாரத் துறை ஒரு தாள் அனுப்பியிருக்கிறது, அதில் துத்தநாகப் பற்றாக்குறை என்று இருக்கிறது. அவருக்கு அது போதும். மனுப் படிவத்தை எடுத்தார்.

"பயிர் பேரு?"

"கெசியா."

"புது ரகமோ?" என்று எழுதிக்கொண்டார். "கார் சாகுபடியா, பிசானமா?"

எந்தப் போகத்து நெல் என்று கேட்கிறார். எஸ்றா திகைத்தார். கெசியாதான் பதில் சொன்னாள். "நான் பொறந்தது புரட்டாசியில சார்."

"அப்ப பிசானம். வயசு?"

"நாப்பத்தியெட்டு."

"நாளா?"

"வருசம்."

சுந்தர்ராமன் பேனாவை நிறுத்தி அவளை அனுதாபத்தோடு பார்த்தார். "நீண்டகாலப் பயிரு. எத்தனை மரக்கா விதைப்பாடு?"

"ஏன் சார், என்னை ஏக்கர் கணக்குல அளக்கியளா?"

"எக்டேருக்கு இருபத்தஞ்சு கிலோன்னு கணக்கு. பரப்பு தெரியாம எப்படி டீச்சர் குடுக்க?"

நேரில் பார்வையிடாமல் உரம் தரக்கூடாது என்பது விதி. அடுத்த வாரம் இரண்டு உதவியாளர்களோடு வீட்டுக்கு வந்தார். கீழ் இலைகளைப் பார்க்கவேண்டும் என்றார். கெசியா காலை நீட்டினாள். தண்ணீர் தேங்குகிறதா என்று கேட்டார். சாயங்காலமானால் கால் கொஞ்சம் வீங்கும் என்றாள். வடிகால் வசதி குறைவு என்று எழுதினார். எலி, பூச்சித் தொந்தரவு உண்டா என்று கேட்டதற்கு, "காலையில ஒரு ஆளு வந்து வாயைத் திறக்கச் சொல்லுதாரு" என்றாள். அசன் மைதீன் மூலையில் நின்று இருமினார்.

பத்து நாளில் அனுமதி வந்தது, மூட்டையோடு. மூட்டையை இறக்கிவைத்த சுந்தர்ராமன் எஸ்றாவைத் தனியே கூப்பிட்டார்.

"சார், இதைச் சாப்பிட்டுரக் கூடாது. இது வயலுக்குள்ளது."

"அப்ப எதுக்கு அனுமதி குடுத்திய?"

"மனு சரியா இருந்துதுலா. நீங்க ஒண்ணு செய்யுங்க. ஒரு வயலைக் குத்தகைக்குப் பிடிங்க, இதைத் தூவி நெல்லை நடுங்க. அந்த அரிசியைச் சாப்பிட்டா டீச்சருக்குப் பைய சேந்துரும்."

"எப்ப?"

"தைக்கு அறுத்துரலாம்."

தைக்கு சர்ஜன் மஸ்கட்டில் இருப்பார். அன்று சாயங்காலம் கெசியாவுக்கு வலி வந்தது. மூட்டையின்மேல் ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, வலி போகும்வரை நின்றாள். எஸ்றா பக்கத்தில் நின்றார். மாவட்டத்தில் அவருக்குத் தெரிந்த எல்லா ஆறுகளுக்கும் ஓடையாவது வாய்க்காலாவது வழி விட்டது. இவள் ரத்தத்துக்கு மட்டும் ஒருவரும் வழி விடவில்லை.

கடைசியில் வழி விட்டது டாக்டர் ஜயலக்ஷ்மி. மதுரைக்கு ஒரு கூட்டத்துக்குப் போனவர், தனித் துத்தநாக மாத்திரையைத் தம் கைப்பையில் போட்டு வாங்கிவந்தார். எஸ்றா சந்தைக்குப் போய் நண்டு வாங்கி, எண்ணெய் விடாமல் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். முதல் தடவை நண்டு பாத்திரத்திலிருந்து இறங்கி அடுக்களை முழுக்க நடந்தது. பூகோள வாத்தியார் நாற்காலிமேல் நின்று அதன் பாதையைக் கவனித்தார். முளைப்பயறு வேகவைத்தார். கடுங்காப்பிப் பொடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்.

சிக்கல் அசன் மைதீன்தான். மூன்று மாத்திரை விழுங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்று அவர் எழுதவேண்டும். கெசியா இப்போது ஒன்றுதான் விழுங்குவாள். பார்க்காததைப் பார்த்ததாக அவருக்கு எழுத வராது. ஒரு காலை முழுவதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, பிஸ்மி சொல்லி, மிச்சம் இரண்டையும் தாமே விழுங்கிவிட்டார்.

"ஏ அசன், என்ன வே செய்யுதீரு?"

"மூணும் உள்ள போனதைப் பாத்துட்டேம்லா. இனிமே எழுதலாம்" என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசிக் கடைசியில் ரத்தம் ஏழே முக்கால். கார்த்திகையில் ஒன்பது. மார்கழி பிறந்து, தேவாலயங்களில் நட்சத்திர விளக்கு ஏற்றிய வாரத்தில் பத்தேகால். சர்ஜன் கிளம்புவதற்கு முன் கடைசி ஆபரேஷனாகக் கெசியாவுடையதை வைத்துக்கொண்டார்.

செய்தி இரும்பாபீஸுக்கு எட்டியது. சங்கரசுப்பிரமணியன் வீடு தேடியே வந்தார், மாலையோடு.

"இயக்கத்தின் மாபெரும் வெற்றி நீங்கள். ஆறரையிலிருந்து பத்தேகால். சென்னையிலிருந்து இயக்குநர் வருகிறார். ஆஸ்பத்திரிக்கு எதிர் மைதானத்தில் விழா. மேடையிலேயே உங்கள் விரலில் குத்தி ரத்தத்தைச் சோதித்துக் காட்டுகிறோம்." தேதியைச் சொன்னார். ஆபரேஷன் தேதி.

"அன்னைக்கு எனக்குக் கல் எடுக்காவ சார்."

அலுவலர் முகம் மாறியது. "ஆபரேஷனில் ரத்தம் சிந்துமே?"

"சிந்தாம எப்படி சார் அறுக்க?"

"கூடாது. இது இயக்கம் ஏற்றிய ரத்தம். விழா முடியும்வரை ஒரு சொட்டுக் குறையக் கூடாது. உறுதிமொழி எடுத்திருக்கிறீர்கள். கல் எங்கேயும் போய்விடாது அம்மா. இயக்குநர் மத்தியானம் ரயிலைப் பிடிக்கவேண்டும்."

கெசியா மாலையைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள். "இயக்குநருக்கே போடுங்க. வாடிரப் போவுது."

குறித்த நாளில் ஆபரேஷனுக்குத்தான் போனார்கள். பச்சை அங்கி போட்டுத் தள்ளுவண்டியில் படுக்கவைத்த பிறகு சிஸ்டர் ஒருத்தி வந்தாள். ஒரு பாட்டில் ரத்தம் கைவசம் இல்லாமல் தொடங்கமாட்டேன் என்கிறார் சர்ஜன். எடுத்துவைத்திருந்த பாட்டில் இரவு விபத்தில் வந்த ஒருவருக்குப் போய்விட்டது. ஓ பாசிட்டிவ் வேண்டும். எஸ்றாவுடையது வேறு வகை. கூட வந்திருந்த அசன் மைதீன் கையை நீட்டினார். எடை மெஷினில் ஏற்றிப் பார்த்து, எடை போதாது என்று இறக்கிவிட்டார்கள்.

"பன்னெண்டு மணிக்குள்ள ஆள் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா டாக்டர் கிளம்பிருவாரு" என்றாள் சிஸ்டர்.

எதிர் மைதானத்தில் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. "இன்று முதல் இம்மாவட்டத்தில் ரத்தம் குறைந்தவர் எவரும் இல்லை. கெசியா அம்மையாரின் ரத்தம் இந்த நிமிடம் பதினொன்று என்பதை, அவர் வர இயலாத நிலையிலும், பெருமையோடு அறிவிக்கிறேன்." எஸ்றா ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடினார். வாழ்நாளில் எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசாத மனிதர், படி ஏறி மேடைக்கே போய்விட்டார்.

"சார், ஒரு பாட்டில் ரத்தம் வேணும். ஓ பாசிட்டிவ். இத்தனை பேரு இருக்கியளே."

மைதானம் நிறைய அலுவலர்கள். எல்லார் சட்டையிலும் சிவப்புத் துளி பொறித்த பேட்ஜ். ஒருவர் பேட்ஜைப் பார்த்தார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநர் சங்கரசுப்பிரமணியனைப் பார்த்தார்.

சங்கரசுப்பிரமணியன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். சரியாகப் பொத்தவில்லை. ஊருக்கே கேட்டது. "ரத்தத்தை ஏத்துறதுதான் எங்க துறை சார். எடுக்கிறது வேற துறை."

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. பிற துறை விருந்தினர்களுக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து சுந்தர்ராமன் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"என்னது ஓ பாசிட்டிவ்தான் சார். வாங்க போவோம். வெளைஞ்சதை எடுக்கது எங்க துறைதான்."

பன்னிரண்டுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கதவு மூடியது. இரண்டு மணிக்குச் சர்ஜன் வெளியே வந்து ஒரு சீசாவை ஆட்டிக் காட்டினார். உள்ளே சுண்டைக்காய் அளவில் கற்கள். வைத்திருந்த பாட்டிலில் பாதி தேவைப்பட்டது என்றார். சாயங்காலம் மயக்கம் தெளிந்து, யாருடைய ரத்தம் என்று கெசியா கேட்டாள். எஸ்றா சொன்னார்.

"வேளாண்மை ஆபீசரா?" என்றாள். வாய் உலர்ந்திருந்தது, சிரிக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். "நல்லது. இனிமே எனக்கு மழை வந்தா சந்தோசமா இருக்கும்."

மேடையில் அறிவித்துவிட்டதால் கெசியாவின் ரத்தம் பதினொன்று என்பது இயக்கத்தின் நிரந்தரச் சாதனை ஆகிவிட்டது. ஒவ்வொரு மார்கழியிலும் வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். கெசியா அம்மையாரின் ரத்தம் இவ்வாண்டும் பதினொன்றாக இருப்பதில் இயக்கம் பெருமை கொள்கிறது என்று அச்சடித்திருக்கும். கெசியா அதைச் சங்கரசுப்பிரமணியன் குரலில், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாசிப்பாள். எஸ்றா சிரித்துச் சிரித்துப் புரையேறுவார்.

கெசியா தொண்ணூற்றேழு ஆவணியில் போனாள், ரத்தத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு நோயில். அந்த மார்கழியிலும் அட்டை வந்தது. இவ்வாண்டும் பதினொன்று.

அசன் மைதீன் பதறிப்போய் வந்தார். "சார், மன்னிச்சுக்கிடுங்க. ஆபீஸ்ல டீச்சர் பேரை எடுக்கத் தெரியலை. ஒரு வரி எழுதிக் குடுங்க, நானே நின்னு அழிச்சிட்டு வாறேன்."

எஸ்றா அட்டையை வாங்கி இரண்டு தடவை வாசித்தார்.

"இருக்கட்டும் வே" என்றார். "பாடுபட்டு ஏத்தின ரத்தம். எதுக்கு இறக்கணும்?"